பத்து ஆம்ப்ஸ் கம்பமும் ஒரு கெட்டில் தண்ணீரும்

உள்ளேயே சமைத்துத் தூங்கிக்கொள்ளும் வசதியுள்ள கேம்பர்வேனை வாங்கும்போது எஞ்சினைப் பார்த்தேன், டயரைப் பார்த்தேன், அடியில் படுத்துத் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்தும் பார்த்தேன். பழைய உரிமையாளர் "இதையும் வச்சுக்கோங்க" என்ற தோரணையில் சும்மா கொடுத்த ஆரஞ்சு ஒயர் ட்ரம்மை மட்டும் பார்க்கவில்லை. ஒயர்தானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று டிக்கியில் தூக்கிப் போட்டேன். அந்த வண்டியிலேயே முதலில் பார்த்திருக்க வேண்டியது அதுதான்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டரில். அக்டோபர் கடைசியில் பள்ளி விடுமுறை வந்தபோது முதல் பயணமாக ஏரி மாவட்டத்துக்குக் கிளம்பினோம். கெஸ்விக் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கேம்ப்சைட். நான், மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர், தென்காசியிலிருந்து வந்திருந்த மாமனார். மாமா மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் மீட்டர் பெட்டியைப் பார்ப்பார், அப்புறம்தான் காபி. வேனில் ஏறியதும் அதே வேலைதான். சீட்டுக்கு அடியில் இருந்த சின்னப் பெட்டியைக் கண்டுபிடித்து, "ஈஎல்சிபி போட்டிருக்கான், பரவாயில்ல" என்றார். இங்கே அதை ஆர்சிடி என்கிறார்கள். கரண்ட் கசிவு 30 மில்லி ஆம்ப்ஸை எட்டினால் கண் இமைப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும்.

போய்ச் சேர்ந்தபோது மாலை ஆறரை. கும்மிருட்டு, விடாத மழை. கெஸ்விக்குக்குத் தெற்கே பாரோடேல் பள்ளத்தாக்கில் இருக்கும் சீத்வெய்ட்தான் இங்கிலாந்திலேயே அதிக மழை வாங்கும் குடியிருப்பு. ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர். "குத்தாலச் சாரல் மாதிரி இருக்கு"ன்னு மாமா ஆரம்பத்தில் ரசித்தார். குற்றாலச் சாரல் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கும். இது வாங்கவில்லை.

முதன்முறை வேன் எடுப்பவர்களுக்கு ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேம்பர்வேனுக்குள் இரண்டு விதமான கரண்ட் இருக்கிறது. விளக்கு, தண்ணீர் மோட்டார், போன் சார்ஜ் செய்யும் யூஎஸ்பி எல்லாம் வண்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுபவை. சுவரில் இருக்கும் வீட்டு மாதிரி சாக்கெட்டுகளுக்கு 230 வோல்ட் வேண்டும். இன்வெர்ட்டர் இல்லாத வண்டியில் அது வெளியிலிருந்து வந்தால்தான் உண்டு. அதற்காக கேம்ப்சைட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் இடுப்பு உயரத்தில் ஒரு கம்பம் நிற்கும். கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவே 25 மீட்டர் ஆரஞ்சு ஒயர். இரண்டு முனையிலும் நீல நிறத்தில் உருண்டையான, தடித்த பிளக். இதற்கு ஹுக்கப் என்று பெயர். முன்பதிவு செய்யும்போது ஹுக்கப் உள்ள இடமா, இல்லாத இடமா என்று கேட்பார்கள்.

மழையில் நனைந்துகொண்டே ட்ரம்மை எடுத்தேன். வண்டியிலிருந்து கம்பம் ஆறு மீட்டர்கூட இருக்காது. தேவையான அளவு மட்டும் இழுத்துக்கொண்டு, கம்பத்தில் ஒரு முனையைச் சொருகிவிட்டு, இன்னொரு முனையைக் கையில் பிடித்தபடி வேனை நோக்கி நடந்தேன். வேன் கதவு படாரென்று திறந்தது.

"மாப்ள, எதுல முதல்ல சொருகுனீங்க?"

"கம்பத்துலதான் மாமா."

"கழட்டுங்க! முதல்ல அதக் கழட்டுங்க!"

மாமா என்னிடம் குரலை உயர்த்தியது கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அவர் கோபத்துக்குக் காரணம் உண்டு. ஒயரின் இரண்டு முனையும் ஒன்று போலத் தெரிந்தாலும் ஒன்றல்ல. கம்பத்துக்குப் போகும் முனையில் பின்கள் இருக்கும்; வண்டிக்கு வரும் முனையில் ஓட்டைகள்தான். கம்பத்தில் முதலில் மாட்டினால் கையில் இருக்கும் ஓட்டைக்குள் 230 வோல்ட். ஓட்டை உள்ளடங்கித்தான் இருக்கிறது, விரல் போகாது. ஆனால் மழைத் தண்ணீர் போகும். கை தவறிச் சேற்றில் விழுந்தால் சேறும் போகும். கம்பத்திலும் ஒரு ஆர்சிடி உண்டு, அது காப்பாற்றும்தான், ஆனால் அதை நம்பி மழையில் நடப்பது கயிற்றை நம்பிக் கிணற்றில் குதிப்பது மாதிரி என்றார் மாமா. வண்டிக்குள் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, வண்டியில் முதலில், கம்பத்தில் கடைசியில். கழற்றும்போது நேர்மாறாகக் கம்பத்தில் முதலில், வண்டியில் கடைசியில். இதை என் பெரியவன் இன்றைக்குத் தூக்கத்தில்கூடச் சொல்வான்.

நல்ல வேளையாக (அல்லது என் மானம் போக) நான் கம்பத்தில் மாட்டியதும் சரியாக மாட்டப்படவே இல்லை. முறைப்படி வண்டியில் மாட்டி, கம்பத்தில் சொருகி, மெயின் சுவிட்சை ஏற்றினால் ஒன்றும் வரவில்லை. மாமா ஸ்க்ரூ ட்ரைவர் டெஸ்டரைத் தேட ஆரம்பித்துவிட்டார். பக்கத்து கேரவனிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு அம்மா, கையைக் கடிகார முள் சுற்றும் திசையில் திருகிக் காட்டினார். இந்த மாதிரிக் கம்பங்களில் பிளக்கை உள்ளே அழுத்தி, வலது பக்கமாகத் திருக வேண்டும். டக்கென்று பூட்டிக்கொண்ட பிறகுதான் உள்ளே சுவிட்ச் சேரும். கழற்ற, பக்கத்தில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். எல்லாக் கம்பமும் இப்படி இல்லை, சிலவற்றில் சும்மா சொருகினாலே போதும். அதனால் கரண்ட் வரவில்லை என்றால் ஆபீஸுக்கு ஓடுவதற்கு முன்னால் ஒருமுறை திருகிப் பாருங்கள்.

கரண்ட் வந்தது. மாமா ஆர்சிடியில் "டி" என்று போட்டிருந்த பொத்தானை அழுத்தி, அது சட்டென்று விழுவதைப் பார்த்துத் திருப்தியாகி, மறுபடி ஏற்றினார். ஒவ்வொரு தடவை மாட்டியதும் இதைச் செய்துவிடுவது நல்லது. இரண்டு விநாடி வேலை.

இனி கெட்டில் கதை.

வீட்டிலிருந்த அதே கெட்டிலைத்தான் எடுத்துப் போயிருந்தோம். 3,000 வாட்ஸ். டீக்குத் தண்ணீர் வைத்தோம், கொதித்தது, குடித்தோம். கம்பத்தில் "10" என்று ஒட்டியிருந்ததை நான் கம்பத்தின் எண் என்று நினைத்திருந்தேன். அது பத்து ஆம்ப்ஸ்; அதற்கு மேல் இழுத்தால் கம்பத்தில் இருக்கும் பிரேக்கர் விழுந்து கரண்டைத் துண்டிக்க வேண்டும். மாமா டீயை உறிஞ்சிக்கொண்டே விரலை மடக்கினார். 3,000 வாட்ஸை 230-ஆல் வகுத்தால் 13 ஆம்ப்ஸ். பத்து ஆம்ப்ஸ் பிரேக்கரில் 13 ஆம்ப்ஸ் எப்படி ஓடியது?

பிரேக்கரின் குணம் அப்படித்தானாம். ஷார்ட் சர்க்யூட் என்றால் உடனே விழுந்துவிடும். அளவுக்குக் கொஞ்சம் மேலே போனால் பொறுத்துப் பொறுத்துப் பார்க்கும். உள்ளே இருக்கும் உலோகப் பட்டை சூடாகி வளைய வேண்டும், அதற்குப் பல நிமிஷம் ஆகும். கெட்டிலோ மூன்று நிமிஷத்தில் கொதித்து அணைந்துவிடுகிறது. ஆக, "நேத்து கெட்டில் போட்டேனே, ஒண்ணும் ஆகலையே" என்பது ஒரு சான்றே இல்லை.

குளிர ஆரம்பித்ததும் 2,000 வாட்ஸ் ஃபேன் ஹீட்டரைப் போட்டோம். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சின்னவளுக்குப் பால் கலக்க மறுபடி கெட்டில். ஹீட்டருக்கு 8.7 ஆம்ப்ஸ், கெட்டிலுக்கு 13. மொத்தம் ஏறத்தாழ 22. கெட்டில் இரைய ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான், சத்தம் நின்றது. வேடிக்கை என்னவென்றால் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, அது பேட்டரி கணக்கு. ஹீட்டரின் உறுமல் இல்லாமல் மழைச் சத்தம் மட்டும் கேட்டபோதுதான் கரண்ட் போனதே எங்களுக்குத் தெரிந்தது.

மறுபடி நனைந்தேன். கம்பத்தின் மூடியைத் திறந்தால் உள்ளே நாலு பிரேக்கர், நாலு வண்டிக்கு. நல்ல காலம், எண் போட்டிருந்தது. விழுந்து கிடந்த எங்களுடையதைத் தூக்கப் போனேன். குடையோடு பின்னாலேயே வந்த மாமா கையைப் பிடித்தார்.

"உள்ள லோடை எடுத்தீங்களா?"

எடுக்கவில்லை. கெட்டிலும் ஹீட்டரும் ஆனிலேயே இருந்தன. தூக்கியிருந்தால் மறுபடி விழுந்திருக்கும். விழுந்த பிரேக்கரை லோடோடு தூக்கித் தூக்கி விடுவதால் கெட்டுப்போன பிரேக்கர்களைத் தன் சர்வீஸில் கூடை கூடையாக மாற்றியிருப்பதாகச் சொன்னார். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வந்து ஏற்றினோம், நின்றது. சில கேம்ப்சைட்டுகளில் இந்த மூடிக்குப் பூட்டு போட்டிருப்பார்கள். அங்கே ராத்திரியில் விழுந்தால் காலையில் ஆபீஸ் திறக்கும்வரை கம்பளிதான் கதி. வந்தவுடனேயே மூடி திறக்கிறதா, பூட்டியிருந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு ராத்திரி ஹீட்டர் மட்டும் ஓடட்டும், வேறெதுவும் வேண்டாம் என்று முடிவாயிற்று. 8.7 ஆம்ப்ஸ், பத்துக்குள் அடக்கம். பிள்ளைகளுக்குக் குளிரக் கூடாது என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: தோசை மாவு. கிளம்பும் அவசரத்தில் மதியம்தான் அரைத்திருந்தார்கள். இந்த ஊர் அக்டோபரில் மாவு தானாகப் புளிக்குமா? என் மனைவி தூக்குவாளியைத் துண்டில் சுற்றி, ஹீட்டர் காற்று படும் இடமாகப் பார்த்து வைத்துவிட்டுப் படுத்தாள்.

விடியற்காலை நாலு மணிக்கு மாமா கழிவறைக்குப் போகக் கதவைத் திறந்தார். ஐந்து நிமிஷம் கழித்து என்னை உலுக்கினார். "மாப்ள, சத்தம் போடாம வெளிய வாங்க."

கம்பத்துக்குக் கீழே புல்லில் கிடந்த ட்ரம்மிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. மழை தூறி அதன் மேல் விழ விழ, டார்ச் வெளிச்சத்தில் வெண்மையாக எழும்பியது. மாமா ஏற்கெனவே கம்பத்தில் பிரேக்கரை இறக்கியிருந்தார். புறங்கையால் ட்ரம்மைத் தொட்டு எடுத்தார். வயர்மேன்கள் எதையும் உள்ளங்கையால் தொடமாட்டார்கள். ஷாக் அடித்தால் விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் கை தானாக விலகும். "தொட்டுப் பாருங்க" என்றார். வெளிச்சுற்று வெதுவெதுப்புதான். சுற்றுகளுக்கு நடுவே விரலை நுழைத்தபோது வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். உள்சுற்றுகளில் ஒயரின் உறை இளகி ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருந்தது. புது செருப்புக் கடை வாசனை மாதிரி ஒரு பிளாஸ்டிக் நாற்றம்.

வேனுக்குள் வந்து உட்கார்ந்து மாமா கணக்குப் போட்டார். ஒயரின் உறையில் பொடி எழுத்தில் "3ஜி1.5" என்று அச்சாகியிருந்தது. மூன்று கம்பி, ஒவ்வொன்றும் 1.5 சதுர மில்லிமீட்டர். கேம்ப்சைட் ஒயர் 2.5 இருக்க வேண்டும். 1.5 கம்பியில் 25 மீட்டர் போக, 25 மீட்டர் வர, மொத்த ரெசிஸ்டன்ஸ் 0.6 ஓமுக்குப் பக்கம். அதில் 8.7 ஆம்ப்ஸ் ஓடினால் சுமார் 45 வாட்ஸ் ஒயரிலேயே சூடாகிறது. 25 மீட்டரும் புல்லில் நீட்டிக் கிடந்தால் அது ஒன்றுமே இல்லை, காற்று கொண்டுபோய்விடும். ட்ரம்மில் சுருண்டு கிடந்தால்?

"கோழிக்குஞ்சுப் பெட்டிக்குள்ள நாப்பது வாட் பல்பு போட்டு மூடி வைப்போம்ல? அதேதான். நீங்க ராத்திரி பூரா ட்ரம்முக்குள்ள பல்பு எரிச்சிருக்கீங்க."

எனக்கு உண்மையில் பயம் வந்தது இந்த இடத்தில்தான். எந்த பிரேக்கரும் விழவில்லை, விழவும் விழாது. அதற்குத் தெரிவதெல்லாம் 8.7 ஆம்ப்ஸ், அது பத்துக்குள் இருக்கிறது. ஆர்சிடி கசிவைப் பார்க்கும், கசிவும் இல்லை. ட்ரம் உருகிக்கொண்டிருக்கும்போது காவலுக்கு இருந்த இரண்டு பேரும் "எல்லாம் சரி" என்று உட்கார்ந்திருக்கிறார்கள். சாதாரண பிவிசி உறை 70 டிகிரிக்கு மேல் தாங்காது. உறை போய், உள்ளே பேஸும் (கரண்ட் வரும் கம்பி) நியூட்ரலும் (அது திரும்பும் கம்பி) ஒட்டினால்தான் பிரேக்கருக்கு விஷயமே தெரியும்.

விடிந்ததும் ட்ரம்மைத் திருப்பிப் பார்த்தோம். பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர், பாதி உரிந்து கிடந்தது: சுருட்டிய நிலையில் 1,100 வாட்ஸ். எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். நல்ல ட்ரம்களில் சூடு ஏறினால் தானாகத் துண்டிக்கும் ஏற்பாடு இருக்கும். எங்களுடையதில் இல்லை, சும்மா வந்ததாயிற்றே.

மாவு மட்டும் அருமையாகப் பொங்கியிருந்தது.

காலையில் கெஸ்விக் கடைத்தெருவுக்குப் போய் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், 25 மீட்டர், ட்ரம் இல்லாமல் வாங்கினோம். கூடவே 1,000 வாட்ஸ் கெட்டில். தண்ணீர் கொதிக்க எட்டு நிமிஷம் ஆகும். ஆகட்டுமே, விடுமுறைக்குத்தானே வந்திருக்கிறோம். பழைய ஒயரை மாமா நடுவில் வெட்டிப் போட்டார், வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாதென்று.

அன்றிலிருந்து ஒயரை முழுக்க அவிழ்த்து, மிச்சத்தை வண்டிக்கு அடியில் பெரிய வளைவுகளாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்பி விடுகிறேன். வண்டியில் மாட்டும் இடத்துக்குக் கீழே ஒயர் கொஞ்சம் தொங்கி அப்புறம் தரைக்குப் போகும்படி விட்டால், மழைத் தண்ணீர் ஒயர் வழியாக பிளக்குக்குள் ஏறாமல் கீழேயே சொட்டிவிடும். நடைபாதையைக் குறுக்கே கடக்க விடாதீர்கள். குழந்தைகள் சைக்கிளில் வருவார்கள், புல் வெட்டும் வண்டியும் வரும். ஒயர் எட்டவில்லை என்று இரண்டு ஒயரைப் புல்லில் வைத்து இணைப்பதும் வேண்டாம், வேறு இடம் கேளுங்கள்.

ஹீட்டரும் மாறிவிட்டது. இப்போது 700 வாட்ஸ் எண்ணெய் ரேடியேட்டர், சின்னது. தூங்கும் முன் அதையும் அணைத்துவிடுகிறோம்.

கணக்கு பழகிவிட்டால் கஷ்டமே இல்லை. கம்பத்தில் இருக்கும் ஆம்ப்ஸை 230-ஆல் பெருக்கினால் உங்கள் பட்ஜெட். ஆறு என்றால் 1,380 வாட்ஸ், பத்து என்றால் 2,300, பதினாறு என்றால் 3,680. சூடாக்கும் சாமான் எல்லாம் கொள்ளையடிக்கும். கெட்டில், ஹீட்டர், டோஸ்டர், ஹேர் ட்ரையர், இண்டக்‌ஷன் அடுப்பு. மைக்ரோவேவில் 800 என்று எழுதியிருந்தால் அது உணவுக்குப் போகும் சூடு, கம்பத்திலிருந்து இழுப்பது 1,200-ஐத் தாண்டும். வண்டியின் பேட்டரி சார்ஜரும் ஃபிரிட்ஜும் பின்னணியில் சத்தமில்லாமல் முந்நூறு நானூறு வாட்ஸ் தின்றுகொண்டிருக்கும், அதை மறந்துவிடுவோம். என் மனைவி பயந்து பயந்து வீட்டிலேயே விட்டு வந்தது டேபிள்டாப் கிரைண்டரை. அது வெறும் 150 வாட்ஸ்! ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸிகூட 750-தான், அதுவும் சட்னிக்கு ஒரு நிமிஷம். வில்லன் கெட்டில்தான்.

இரண்டாம் நாள் மழை விட்டிருந்தபோது கேம்ப்சைட் பராமரிப்பாளர் வந்தார். மாமா என்னை மொழிபெயர்ப்பாளராக நிறுத்திக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எர்த் எங்கே? அந்த மனிதருக்கு முகமெல்லாம் மலர்ச்சி, இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் போல. இந்த நாட்டில் நிறைய வீடுகளுக்குத் தெருவிலிருந்து நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பியில் வருகின்றன. அந்த எர்த்தைக் கேரவனுக்குக் கொடுக்கச் சட்டப்படி அனுமதி இல்லை. அதனால் கேம்ப்சைட்டில் தனியாக மண்ணில் எர்த் ராடு அடித்திருக்கிறார்கள். காரணத்தை அவர் சொல்லத் தொடங்குவதற்குள் மாமாவே சொல்லிவிட்டார். "நியூட்ரல் கட்டாச்சுன்னா வண்டி பாடி பூரா கரண்ட் நிக்கும். ஈரத் தரையில வெறுங்கால்ல நின்னு கதவப் பிடிச்சா போச்சு." ஊரில் நியூட்ரல் கட்டாகித் தெரு முழுக்க டிவி புகைந்த கதைகளை அவர் ஆரம்பிக்க, நான் பாதியில் மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டேன். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவோம், கரியும் உப்பும் போடுவோம் என்றதற்கு அந்த மனிதர் வானத்தைக் காட்டினார். இங்கே அந்த வேலையை மழையே செய்கிறதாம்.

அதற்கப்புறம் நிறையப் பயணம். ஒருமுறை நார்தம்பர்லாந்து கடற்கரைப் பக்கம், காலையில் ஆர்சிடி விழுந்து கிடந்தது, ஏற்றினால் நிற்கவில்லை. ஆம்ப்ஸ் பிரச்சினை என்றால் பிரேக்கர்தான் விழும். ஆர்சிடி விழுந்தால் எங்கோ கசிவு. எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஏற்றினேன், நின்றது. ஒவ்வொன்றாகச் சொருகிக்கொண்டே வந்தேன். பக்கவாட்டுக் கூடாரத்தில் பையன் போட்டுவைத்திருந்த எக்ஸ்டென்ஷன் பட்டையைச் சொருகியதும் டப். ராத்திரிப் பனி இறங்கி உள்ளே ஈரம். தூக்கி வெளியே வைத்தோம், அவ்வளவுதான்.

பிரான்ஸ் போனது வேறு பாடம். நியூஹேவனிலிருந்து கப்பலில் டியெப் போய், அங்கிருந்து லுவார் ஆற்றுப் பக்கம். அங்கே நாங்கள் எடுத்த இடத்தில் கொடுத்தது ஆறு ஆம்ப்ஸ், பத்து வேண்டுமென்றால் கூடக் காசு. கம்பத்தில் நீல சாக்கெட்டுக்குப் பதில் பிரெஞ்சு வீட்டு சாக்கெட் இருந்தது; எர்த் பின் சாக்கெட்டிலிருந்தே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கான அடாப்டரைக் கிளம்பும் முன்பே வாங்கியிருந்தேன். மாட்டியதும் வண்டிக்குள் மூன்று விளக்கு உள்ள சாக்கெட் டெஸ்டரைச் சொருகினேன். பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பதாகக் காட்டியது.

அங்கே அது பெரிய குற்றமில்லை. அவர்கள் வண்டிகளில் பிரேக்கர் இரண்டு கம்பியையும் சேர்த்துத் துண்டிக்கும். பிரிட்டிஷ் வண்டிகளில், அதுவும் பழையவற்றில், பல சுவிட்சும் பிரேக்கரும் பேஸ் வரும் ஒரு கம்பியை மட்டும்தான் துண்டிக்கும். இடம் மாறி வந்தால் சுவிட்சை அணைத்த பிறகும் சாமானுக்குள் பேஸ் உட்கார்ந்திருக்கும். டோஸ்டர் அணைந்துதானே இருக்கிறது என்று கரண்டியை விடுபவர்களுக்கு இது முக்கியம். அதற்கென்று உள்ளே கம்பிகளை மாற்றிய ஒரு குட்டி அடாப்டர் விற்கிறார்கள். அதில் நான் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன்; சரியாக வரும் கம்பத்தில் தெரியாமல் அதை மாட்டினால் நாமே தப்பை உண்டாக்கிய மாதிரி ஆகிவிடும். டெஸ்டர் எர்த் இல்லை என்று காட்டினால் மட்டும் அடாப்டர் வேலை எதுவும் வேண்டாம், கழற்றிவிட்டு வேறு கம்பம் கேளுங்கள்.

வாடகைக்கு எடுப்பவர்கள் சாவி வாங்கும் இடத்திலேயே ஒயரை வெளியே எடுத்துப் பாருங்கள். உறையில் 2.5 என்று இருக்கிறதா, வெட்டு, உருகல் இருக்கிறதா, நீளம் போதுமா. "எல்லாம் உள்ளே இருக்கிறது" என்பார்கள். ஒரு நண்பருக்கு உள்ளே இருந்தது தண்ணீர்க் குழாய் மட்டும்.

கழற்ற மறந்து வண்டியை எடுத்துவிடுவதும் நடக்கிற காரியம்தான். நானே ஒருமுறை எஞ்சினைப் போட்டுக் கியரையும் போட்டுவிட்டேன். சின்னவள் பின்னாலிருந்து "அப்பா, ஒயரு" என்றாள். இப்போது ஒயரை மாட்டியதும் வண்டிச் சாவியை உள்ளே மெயின் சுவிட்ச் பக்கத்துக் கொக்கியில் தொங்கவிடுகிறேன். சாவியை எடுக்கப் போனால் சுவிட்சை இறக்காமல் வர முடியாது, சுவிட்சைப் பார்த்தால் ஒயர் ஞாபகம் வரும். ஈர ஒயரைச் சுருட்டும்போது ஒரு பழைய வேட்டித் துணியை வழியில் பிடித்துக்கொள்வது பெரியவன் வேலை. துடைக்காமல் போட்டால் டிக்கி முழுக்கச் சேறு.

மாமா ஊருக்குத் திரும்பி இரண்டு வருஷம் ஆகிறது. நாங்கள் எங்கே தங்கினாலும் அன்றைக்குச் சாயங்காலம் வீடியோ காலில் வருவார். ஏரியைக் காட்டினால் பார்க்கமாட்டார், மலையைக் காட்டினால் பார்க்கமாட்டார். போன மாதமும் அப்படித்தான்.

"கம்பத்தக் காட்டுங்க மாப்ள."

காட்டினேன். அப்படியே கேமராவை ஒயர் வழியாக நகர்த்தி வண்டிக்கு அடியில் கொண்டுபோனேன், வளைவு வளைவாகப் பரப்பியிருந்ததைப் பார்த்தார். மறுபடி கம்பத்துக்குத் திரும்பச் சொன்னார். பக்கத்தில் கொண்டுபோய் ஸ்டிக்கரில் நிறுத்தினேன். 16.

"பதினாறா? அப்ப இண்டக்‌ஷன்ல தோசைக் கல்லப் போடச் சொல்லுங்க" என்றார்.